முன்பாதி எனக்கு, பின்பாதி சம்பந்திக்கு

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் சம்பந்தி வந்தார். கையில் சுருட்டிய வரைபடம், அதைச் சுற்றி ரப்பர் வளையம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்கு மேல் இன்னொரு பை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா, எதையும் கீறல் படாமல் கொண்டுவந்தே பழக்கம். "வாங்க சம்பந்தி, வாங்க" என்று நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க சம்பந்தி" என்று அவர் நின்றார். அவர் உட்காராமல் நான் எப்படி உட்காருவது? நான் நிற்கும்போது அவர் எப்படி உட்காருவார்? என் மகள் அவர் மகனைக் கட்டிக்கொண்டு மூன்று வருடமாகிறது. இன்னும் எங்கள் இருவருக்கும் ஒழுங்காக உட்காரத் தெரியவில்லை.

போன வருடம் வரை எங்கள் பேச்செல்லாம் "சாப்டாச்சா", "வெயில் ஜாஸ்தி", "அப்ப கெளம்பறேன்" இவ்வளவுதான். ஒரு நாள் அவர் வீட்டு அலமாரியில், கண்ணாடிக் கூடுகளுக்குப் பின்னால், கட்டைவிரல் நீளத்தில் ஓர் இழுவைப் படகின் மாதிரியைப் பார்த்தேன். "இது யார் பண்ணினது?" என்றேன். அசடு வழிய, "நான்தான், பொழுது போகலேன்னா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. நான் முப்பது வருடமாக ஒளித்து ஒளித்துச் செய்வதை இன்னொரு மனுஷனும் ஒளித்து ஒளித்துச் செய்கிறான்!

இன்று கொண்டுவந்தது ஒரு போர்க்கப்பல். பழைய கடற்படைப் பத்திரிகையிலிருந்து பெரிதாக்கி எடுத்த படம். என்ன விசேஷம் என்றால், இந்தக் கப்பலை யாருமே கட்டவில்லை. வரைந்ததோடு சரி. பெயர்கூட வைக்கவில்லை, 'திட்டம் பதினேழு' என்று ஓர் எண்.

வீட்டுக்காரி தேநீரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இருக்கிற கப்பலெல்லாம் கட்டி முடிச்சாச்சு, இப்ப இல்லாத கப்பலாக்கும்."

அவளுக்குப் புரியாது. இருக்கிற கப்பலைக் கட்டினால் எவனாவது ஒருத்தன் போட்டோவை நீட்டி, "இந்த ஜன்னல் இங்க இல்லையே" என்பான். இதில் யாரும் வாயைத் திறக்க முடியாது.


பிப்ரவரி 11, ஞாயிறு

சிக்கல். வரைபடம் ஒன்றல்ல, இரண்டு.

முதலில் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து எவனோ ஓர் அதிகாரி முகம் சுளித்திருக்கிறான். திருத்தி இன்னொன்று போட்டிருக்கிறார்கள். முதல் கப்பல் ஒல்லி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மெலிந்த புகைபோக்கி. திருத்திய கப்பல் இடுப்பு பெருத்தது. முன்னால் ஒரே ஒரு குண்டுப் புகைபோக்கி. ஒல்லியைப் பார்த்தால் ஓடும் போலிருக்கிறது, குண்டைப் பார்த்தால் உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது. ஒல்லியா குண்டா என்று இழுத்தடித்தே அந்தக் கடற்படைக்காரர்கள் எதையும் கட்டாமல் விட்டார்களாம்.

எனக்கு ஒல்லிதான் பிடித்திருந்தது. சொல்ல வேண்டியதுதானே? எப்படிச் சொல்வது, சம்பந்தியிடம்?

"எதைக் கட்டலாம் சம்பந்தி?"

"உங்க இஷ்டம் சம்பந்தி."

"சேச்சே. நீங்க சொன்னா சரி."

"நீங்க எதைச் சொன்னாலும் எனக்கு சம்மதம்."

தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் அவர், "அப்ப பேசினபடியே செஞ்சிடுவோம்" என்றார். "செஞ்சிடுவோம்" என்று நானும் தலையாட்டினேன். என்ன பேசினோம் என்று இருவரும் கேட்கவில்லை.

அடுத்தது இடம். முழுக் கப்பல் நான்கு அடி. எங்கள் வீட்டில் வைத்தால் மாப்பிள்ளையைப் பெற்றவர் வாராவாரம் வந்து எங்கள் கூடத்தில் மரத்தூளில் உட்கார வேண்டும், அது மரியாதையில்லை என்றாள் என் வீட்டுக்காரி. அவர்கள் வீட்டில் வைத்தால் பெண்ணைப் பெற்றவன் அங்கேயே பழியாய்க் கிடப்பதாக ஆகும், அதுவும் நன்றாயிருக்காது என்று சம்பந்தியம்மா போனில் சொன்னாராம். இந்த ஒரு விஷயத்தில் அந்த இரண்டு பேருக்கும் என்ன ஒற்றுமை! ஆக, முன்பாதி எனக்கு, பின்பாதி சம்பந்திக்கு. நான் மூக்கிலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வருவேன், அவர் வாலிலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வருவார். நடுச்சட்டத்தில் இரண்டையும் சேர்ப்போம்.


பிப்ரவரி 12

யோசித்துப் பார்த்தேன். பேசும்போதெல்லாம் அவர் விரல் குண்டுக் கப்பல் மேலேயே இருந்தது. அவருக்கு அதுதான் ஆசை, வாய்விட்டுச் சொல்லவில்லை. மகளைக் கொடுத்த இடம். போகட்டும், நாமே விட்டுக்கொடுப்போம். குண்டாகவே கட்டுகிறேன். சேர்க்கும் அன்றைக்குப் பார்த்துச் சந்தோஷப்படுவார்.


மார்ச் 5

வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஆனால் மானம் போயிற்று.

நான் வேலை பார்க்கும் பட்டறையில் பல் செட் செய்கிறோம். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் மெழுகில் பல் அடுக்கி, ஈறுக்கு ரோஸ் நிற பிளாஸ்டிக் வார்த்து, மெருகேற்றி அனுப்புவோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதே ரோஸ் பிளாஸ்டிக்கில் என் பீரங்கி மேடைகளை வார்த்துக்கொள்கிறேன். பெயிண்ட் அடிக்கும் வரை அவை ரோஸாகத்தான் இருக்கும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்று டாக்டரிடமிருந்து முதலாளிக்குப் போன். ஒரு பெரியவருக்கு மேல் செட் அனுப்பியிருந்தோம். டப்பாவைத் திறந்தால் செட்டோடு இன்னொரு ரோஸ் சாமானும் இருந்திருக்கிறது, மூன்று ஓட்டையோடு. டாக்டரம்மா அது ஏதோ புது மாதிரிப் பிடிமானம் என்று நினைத்து அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பெரியவர் ஆர்வமாக வாயைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

"வாய்க்குள்ள பீரங்கியை வைக்கப் பாத்தியாய்யா?" என்றார் முதலாளி. என் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் அவரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, இனிமேல் என் மேஜையில் ரோஸாக எதைப் பார்த்தாலும் குப்பையில் போடுவேன் என்றார்.

பெரியவர் இன்னொன்று கேட்டாராம்: "அப்ப அது எனக்கு இல்லையா?"


மார்ச் 17, ஞாயிறு

சம்பந்தி வந்தார். நான் அதுவரை கட்டிய மூக்குப் பகுதியை — இடுப்பும் புகைபோக்கியும் இன்னும் வரவில்லை — பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மேல்தள அறை ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, எனக்கே தெரியும். அவர் கண்ணாடி அங்கே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. "பிரமாதம்" என்றார்.

அவர் எனக்குப் பீரங்கிக் குழல் செய்ய மூக்குக் கண்ணாடிக் காதுக் கம்பிகளை நறுக்கி, ராவி, பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அத்தனையும் தடிமன். தண்ணீர்க் குழாய் மாதிரி. "அருமை சம்பந்தி" என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை. இவ்வளவு கை நேர்த்தியுள்ள மனுஷனிடம் ஒரு உண்மை பேச முடியவில்லையே என்று. வாயில் வந்ததையெல்லாம் மென்று விழுங்கி விழுங்கி வயிறு நிறைந்துவிட்டது.


ஏப்ரல் 6, சனி

மகள் வந்திருக்கிறாள். ஒரு பெட்டியோடு. பெரிய பெட்டி.

"கொஞ்ச நாள் இருக்கேன்பா" என்றாள். எத்தனை நாள்? கேட்கவில்லை. வீட்டுக்காரி சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு — ஒன்றும் கேட்கவில்லை. குழாயைத் திறந்து விட்டுவிட்டார்கள்.


ஏப்ரல் 9

கேட்டுவிட்டேன். கை நீட்டினானா? இல்லை. குடியா? இல்லை. வேறு யாராவது — இல்லவே இல்லை.

"சண்டையே இல்லப்பா. மூணு வருஷத்துல ஒரு சண்டைகூட இல்ல. லிஃப்ட்ல நிக்கற பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கோம். ஏறும்போது ஒரு சிரிப்பு, எறங்கும்போது ஒரு சிரிப்பு. அவரும் நல்லவர்தான். ரெண்டு பேருக்குமே இது வேணாம்னு ஆயிடுச்சு."

சண்டை போடாததற்கெல்லாமா பிரிவார்கள்? நானும் இவள் அம்மாவும் போட்ட சண்டைக்கு — சரி, அது வேறு. என் குழந்தை முகம் வாடிக் கிடக்கிறது. மனசு தாங்கவில்லை.


ஏப்ரல் 14, ஞாயிறு

சம்பந்தி வரவில்லை.

எப்படி வருவார்? நான் மட்டும் போனேனா? ஆனாலும் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, ஓடினேன். தண்ணீர் கேன்.

எழுதவே கூசுகிறது. பெற்ற மகள் வாழ்க்கை அந்தரத்தில் நிற்கிறது, எனக்கு இந்த மனுஷன் வராமல் போய்விடுவாரோ என்றுதான் கவலை. இதை யாரிடம் சொல்வது? இந்த வயதில் எனக்கு என்று இருக்கிற ஒரே சிநேகிதர் அவர். அவரையும் மகள்தான் சம்பாதித்துக் கொடுத்தாள். அவள் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டால் அவர் எனக்கு யார்?


ஏப்ரல் 16

அவரே போன் பண்ணினார்.

"சம்பந்தி... பசை காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சு சம்பந்தி."

"ஈரக்காத்தா இருக்கு. லேசுல காயாது."

"ஆமா. லேசுல காயாது."

"சரி சம்பந்தி."

"சரி சம்பந்தி."

பேசி முடித்து வைத்தபோது வியர்த்துவிட்டது. இரண்டு வார்த்தை பிள்ளைகளைப் பற்றிப் பேச இரண்டு கிழவர்களுக்கும் துப்பில்லை.


ஏப்ரல் 28, ஞாயிறு

பேசித் தீர்க்கப் போனோம், அவர்கள் வீட்டுக்கு. தீர்ந்துவிட்டது. பிரிவதென்று.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, அவ மேல எந்தத் தப்பும் இல்ல" என்றான். மகள் உடனே, "அவர் மேலயும் இல்லப்பா" என்றாள். அப்புறம் யார் மேலடா தப்பு? என் மேலா? வீட்டுக்காரியும் சம்பந்தியம்மாவும் முதலில் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். உங்க பொண்ணு பிடிவாதம், உங்க பையன் ஊமை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளைகள் மேல் பாய்ந்தார்கள். அதற்கப்புறம் சேர்ந்து அழுதார்கள். நானும் சம்பந்தியும் எதிரெதிர் நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றைக்குத்தான் இரண்டு பேரும் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டோம்.

அலமாரிக்கு மேலே, படுக்கை விரிப்புப் போர்த்தி, நீளமாக ஒன்று இருந்தது. பின்பாதி. நான் பார்க்கவே கூடாது என்றுதான் இருந்தேன். கண் போய்விட்டது. வீட்டுக்காரி தொடையில் கிள்ளினாள். இன்னும் சிவந்திருக்கிறது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் வெளியே வந்தார். வாயைத் திறந்தார். மூடினார். "பாத்துப் போங்க" என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? பெயர் சொல்லியா? மூன்று வருடமாகச் சொல்லாத பெயர் வாயில் வரவில்லை.


மே 3

வீட்டுக்காரி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அறுத்துக்கிட்டு வந்த வீட்டோட இனி என்ன கொஞ்சல்? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க? பொண்ணை வாழ வைக்கத் துப்பில்ல, கப்பல் விடறான்னுதான சொல்லுவாங்க? அவங்க பாதி அவங்களோட இருக்கட்டும், நம்ம பாதி நம்மளோட கெடக்கட்டும்."

பாதிக் கப்பலை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண?


மே 12, ஞாயிறு

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நடுச்சட்டத்துக்குப் பலகை ஒட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் கை என்ன பண்ணும்?

"கேட்டுடுங்கப்பா" என்றாள்.

"என்னத்த?"

"மாமா என்ன ஆவார்னுதான உங்க கவலை?"

"சீச்சீ, எனக்கு உன் கவலைதான்" என்றேன். நாக்கு குழறிவிட்டது.

"என் கவலை எனக்குப் போதும். நீங்க உங்க கவலையப் பாருங்க. நான் அவரோட பையனை விட்டுட்டு வந்தேன். நீங்க ஏன் அவரை விடணும்?"

"அப்படியில்லம்மா. அதுக்கு ஒரு முறை வேணும்ல? எந்த முறையில போய் நிப்பேன்?"

"இதுக்கெல்லாம் ஒரு முறையாப்பா?" என்று எழுந்து போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபமாக இருக்கிறது.


மே 26, ஞாயிறு

வரவில்லை. போனும் இல்லை. முன்பாதி முடிந்துவிட்டது.


ஜூன் 15, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கோபத்தோடு எழுதுவதா சிரிப்போடு எழுதுவதா, தெரியவில்லை.

மகளுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளையே வண்டியில் வந்தான். புத்தக அலமாரி, தையல் மெஷின், நான்கு பூந்தொட்டி. கடைசியாகப் படுக்கை விரிப்பில் சுற்றி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினான். "அம்மா இதையும் குடுத்துட்டு வரச் சொன்னாங்க மாமா. அலமாரி மேல இனி எடமில்லையாம். அப்பா கடையில இருக்காரு, அவருக்குத் தெரியாது" என்றான். சம்பந்தியம்மாவும் என் வீட்டுக்காரியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலும்.

விரிப்பை அவிழ்த்தேன். ஆகா. என்ன வேலை! ஒவ்வொரு ஜன்னலுக்கும் லென்ஸ் துண்டு வைத்திருக்கிறார் மனுஷன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவசர அவசரமாக என் முன்பாதியை எடுத்து வந்து மேஜையில் வைத்து, இரண்டையும் நடுவில் சேர்த்தேன்.

சேரவில்லை.

திருப்பி வைத்தேன். சேரவில்லை. அளந்தேன். என் பக்கம் இடுப்பு பெருத்து நிற்கிறது, அவர் பக்கம் ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவுக்குப் படி விழுகிறது. முன்னால் குண்டுப் புகைபோக்கி, பின்னால் குச்சிப் புகைபோக்கி. மொத்தத்தில் ஒரு தலைப்பிரட்டை. அவர் ஒல்லிக் கப்பலைக் கட்டியிருக்கிறார்! எனக்குப் பிடித்ததை!

அட மனுஷா. எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். நான் அவருக்கு விட்டுக்கொடுத்த அதே சமயத்தில்.

நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. மணி அடிக்கவில்லை. சம்பந்திதான். பின்பாதி இங்கே வந்துவிட்டது என்று யாரோ போனில் சொல்ல, கடையிலிருந்து ஓடி வந்திருக்கிறார், நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியபடியே, அதைக் கழற்றக்கூட நேரமில்லாமல். இதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"என் பாதியை யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நான் எங்க எடுத்தேன்? உங்க வீட்லேர்ந்து அனுப்பிச்சாங்க!"

"அனுப்பிச்சா வாங்கி வெச்சுக்கறதா? ராவும் பகலுமா —" என்று ஆரம்பித்தவர் மேஜையைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இறக்கினார். ஏற்றினார். "என்னய்யா இது?"

அய்யா! மூன்று வருடத்தில் முதல் தடவை.

"என்னன்னா? நீர் கட்டினதுதான்" என்றேன் நானும்.

"நான் கட்டினது சரியா இருக்கு. முன்னாடி ஏன்யா இவ்வளவு பெருசா வீங்கியிருக்கு?"

"உமக்காகத்தான்யா! நீர்தான குண்டு மேல விரலை வெச்சு எடுக்காம இருந்தீர்!"

"அட, காத்துல பேப்பர் பறக்குதேன்னு அழுத்திப் பிடிச்சேன்யா! குண்டு எனக்குப் பிடிச்சிருந்துச்சு, இல்லேங்கல. ஆனா உம்ம மூஞ்சியப் பாத்தா ஒல்லிக்கு ஏங்கற மாதிரி இருந்துது. சரி, பொண்ணு குடுத்தவராச்சேன்னு..."

"நான் மட்டும் என்ன, பையனைப் பெத்தவராச்சேன்னுதான..."

"வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீர் சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்புறம் அணை உடைந்தது. என் மேல்தள அறை கோணல் என்றார். மார்ச் மாதத்திலிருந்து அதை நினைத்துத் தூக்கம் வரவில்லையாம். உம்முடைய பீரங்கிக் குழலில் யானைகூடத் தண்ணீர் குடிக்கலாம் என்றேன். பல்லுக்குப் போடுகிற பிளாஸ்டிக்கைக் கப்பலில் போட்டால் கப்பல் சிரிக்குமா சுடுமா என்றார். முதல் நாளிலிருந்தே உம்மிடம் ஒரு உண்மை வாங்க முடியவில்லை என்றேன். "சம்பந்தியாச்சேய்யா! சம்பந்திகிட்ட எவன் உண்மை பேசுவான்?" என்று கத்தினார். கத்திவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. இப்போது அந்த முறையும் இல்லை.

திரும்பிப் பார்த்தால் என் மகள் புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பூந்தொட்டியோடு நின்ற மாப்பிள்ளையும் சிரிக்கிறான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை இன்றைக்குத்தான் பார்த்தேன். என் மனசு ஒரு நிமிடம் அற்பமாக ஆசைப்பட்டது. அதெல்லாம் ஒன்றும் இல்லை. சிரித்து முடித்துவிட்டு அவன் தொட்டியை வைத்துவிட்டுப் போனான், அவள் வண்டி வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவரை விரட்டவும் இல்லை. "கத்தறதா இருந்தா கதவைச் சாத்திக்கிட்டுக் கத்துங்க" என்றாள்.


ஜூன் 16, ஞாயிறு

சண்டை தொடர்கிறது. இரண்டில் ஒரு பாதியை உடைக்க வேண்டும். எதை?

ஒல்லிக் கப்பல்தான் வேண்டும் என்றேன். அப்படியென்றால் நான் கட்டிய பாதியைத்தான் உடைக்க வேண்டும். குண்டுதான் என்று அவர் குதித்தார். அப்படியென்றால் அவர் பாதி உடைய வேண்டும். "என்னோடதை உடைய்யா!" என்று அவர் கத்த, "என்னோடதைத்தான் உடைப்பேன்!" என்று நான் சுத்தியலைத் தூக்க, வீட்டுக்காரி சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஆளுக்கொன்று பேசி ஒரு கடற்படையே கப்பல் கட்டாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.


ஜூன் 23, ஞாயிறு

முடிவு. எதையும் உடைக்கப் போவதில்லை. அவருடைய ஒல்லி வாலுக்கு நான் ஓர் ஒல்லி மூக்குக் கட்டுகிறேன். என்னுடைய குண்டு மூக்குக்கு அவர் ஒரு குண்டு வால் கட்டுகிறார். இரண்டு கப்பல்.

"ஒண்ணுக்கே எடமில்லேன்னு சொன்னேன்" என்றாள் வீட்டுக்காரி. சாயங்காலம் பார்த்தால் கூடத்து மூலையில் இருந்த மடக்கு மேஜையைத் துடைத்துப் போட்டிருந்தாள்.


ஆகஸ்ட் 22

கோர்ட்டில் முடிந்தது. மகளும் மாப்பிள்ளையும் — இனி மாப்பிள்ளை என்று எழுதக் கூடாதோ? — எதிர்க் கடையில் ஜூஸ் குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்களாம். வீட்டுக்கு வந்து மகள் குளித்துவிட்டுத் தூங்கினாள். நன்றாகத் தூங்கினாள். நான் ஒல்லி மூக்கின் முதல் சட்டத்தை அறுத்து அறுத்து இரண்டு முறை கெடுத்தேன். அழுகையாக வந்தது. அழுதேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கெட்டுப்போன இரண்டு சட்டத்தையும் எடுத்துப் பார்த்தார். "மரம் ஈரம்" என்று சொல்லிவிட்டு மூன்றாவதை அவரே அறுத்துக் கொடுத்தார்.


அக்டோபர் 13, ஞாயிறு

மகள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவர் தையல் மெஷினை இறக்கிக் கொடுத்தார். "மாமா, இடுப்பு பத்திரம்" என்றாள். மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எனக்கு மட்டும்தான் இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. யோவ் என்றும் நீர் என்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.


நவம்பர் 19

ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்ற மனுஷனுக்குக் கண்ணில் புரையாம். ஒரு வருடமாக மறைத்திருக்கிறார். அதுதான் குழல் அத்தனை தடிமன்! பார்த்தவரைக்கும் ராவியிருக்கிறார். இது தெரியாமல் நான் யானை, தண்ணீர் என்றெல்லாம் பேசினேனே. திட்ட வேண்டும் போலிருந்தது, நன்றாகத் திட்டினேன். நாளை மறுநாள் ஆபரேஷன்.


நவம்பர் 21, வியாழன்

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒல்லி மூக்கின் முதல் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். மனுஷன் சும்மா படுத்திருந்தால் உயிரை எடுத்துவிடுவார், பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று.

வாசலில் நர்ஸ் கையை நீட்டி மறித்தாள். "சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

முழித்தேன். சம்பந்தி என்றால் பொய். முன்னாள் மந்திரி உண்டு, முன்னாள் சம்பந்தி என்று எங்காவது உண்டா? தெரிந்தவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். பின்பாதியை வண்டியில் ஏற்றி அனுப்பினாரே, அதே அம்மாள். நான் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்தார்.

"அண்ணாவை உள்ள விடும்மா" என்றார். "இவரை விடலேன்னா அவர் கட்டோட எழுந்து வெளிய வந்துடுவார்."

"அது சரிம்மா, என்ன உறவுன்னு சொல்லணும்ல?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. காது மட்டும் நன்றாகத்தான் கேட்கிறது அவருக்கு. "சிநேகிதன்னு சொல்லும்மா! அதுக்கு மேல என்ன உறவு வேணும்? டேய், வா உள்ள. எவ்வளவு நேரம்டா?"

டேய் என்றார். என்னை. ஐம்பத்தெட்டு வயதில் என்னை டேய் என்று கூப்பிட உலகத்தில் யாரும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். நர்ஸைப் பார்க்காமல் செருமிக்கொண்டே உள்ளே போனேன்.

ஒரு கண்ணில் பெரிய கட்டு. நல்ல கண்ணைச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தார். பையைப் பார்த்துக் கையை நீட்டினார். கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"கோணல்" என்றார்.

கோணல்தான். நாளைக்குத் திருத்த வேண்டும்.